எடுக்கச் சொன்ன வரி

அந்த வரியைத் திரும்ப ஒட்டியது நீங்கள்தான். கம்ப்யூட்டர் செய்த கோளாறு இல்லை. எடிட்டிங் அறையில் யாரோ தெரியாமல் கை வைத்ததும் இல்லை. வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் நீங்கள். நான் வெட்டி எடுத்த வரியைத் தேடிப் பிடித்து, நிகழ்ச்சியின் முதல் வரியாகவே வைத்தீர்கள். அதனால் எண்ணூரில் ஒரு குடும்பம் இன்று இருந்த வேலையும் போய், ஆற்றில் இறங்கவும் முடியாமல் தவிக்கிறது.

உங்களுக்கு இது தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு வீட்டில் வளர்ந்தவள். இதழியல் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் அதற்குப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்று செய்து கொடுக்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிப்பது, பேச வைப்பது, பதிவு செய்வது, வெட்டுவது எல்லாம் நம் வேலை. என் வகுப்பில் பாதிப் பேர் பிரியாணிக் கடைகளை எடுத்தார்கள். அவர்கள் பிழைத்தார்கள். நான் எண்ணூர் ஆற்றை எடுத்தேன்.

முதல் வருடம் வகுப்பில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். ‘இன்னா’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அதுதான். நீங்கள் ஒருவர்தான், உன் பேச்சை மாற்றாதே, வானொலிக்கு வேண்டியது அதுதான் என்று சொன்னீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உங்களை நம்பியதற்கு அது ஒரு காரணம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் அலைந்தேன். வீட்டிலிருந்து திருவொற்றியூருக்கு பஸ், அங்கிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் அரை மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆகும். கடற்காற்று மைக்கில் அடித்தால் பதிவு கெட்டுவிடும் என்று என் பழைய பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றை மைக்குக்கு மாட்டியிருந்தேன். படகுகள் கட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேலி செய்ய அது போதுமானதாக இருந்தது.

"இன்னாம்மா, மைக்குக்கு சளி புட்ச்சிகீதா? சாக்ஸ் போட்டு கூட்டினு வந்துகீது."

"எந்த சேனலு பாப்பா?"

ரேடியோ என்றேன்.

"ரேடியோவா? அது இன்னும் உசுரோட கீதா?"

சிரித்து முடித்ததும் ஊர்த் தலைவரைக் கைகாட்டிவிட்டார்கள். தலைவர் நன்றாகப் பேசினார். பக்கத்துத் தொழிற்சாலை ஊருக்கு நிழற்குடை கட்டிக் கொடுத்தது, ஊர்ப் பையன்களுக்கு வேலை கொடுத்தது, ஆற்றில் ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தாமல் பேசினார். இதையே பல தடவை சொல்லிப் பழகியவர் என்று புரிந்தது. மற்றவர்களிடம் போனால், ரெக்கார்டர் ஓடும்போது தலைவர் சொன்னதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும் ரெக்கார்டர் மேல் விரலை வைத்து, இதை அணைத்துவிட்டுக் கேள், சொல்கிறேன் என்றார். அணைத்தேன். தொழிற்சாலை ஆற்றில் விடும் தண்ணீர் சில நாள் விடியற்காலையில் கொதிக்கக் கொதிக்க வருகிறது என்றார். திரும்ப ஓட விட்டதும், ஒரு குறையும் இல்லை என்றார்.

உங்களிடம் வந்து சொன்னேன். கேள்விப்பட்டதெல்லாம் வானொலி ஆகாது, கண்ணால் பார்த்த ஒருவரின் வாய் வேண்டும் என்றீர்கள். சரிதான். திரும்பப் போனேன்.

அந்த அக்காவை ஷேர் ஆட்டோவில்தான் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். திருவொற்றியூரில் இறால் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையோடு ஏறுவார். டிரைவர் தினமும் ஒரு சண்டை போடுவார், சீட்டெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது என்று.

"மீனுன்னா தண்ணி சொட்டும். ஒன் வண்டில மேலேர்ந்து மழ சொட்டுது, கீழேர்ந்து ஆயிலு சொட்டுது. நான் எதுனா கேட்டனா?"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படித்தான் பழக்கம். நாலாவது நாள் பையில் என்ன என்று கேட்டார். சொன்னேன். எண்ணூரில் இறங்கும்போது சொன்னார்.

"நாளிக்கு பதினோரு மணிக்கு வூட்டுக்கு வா. அவரு ஷிஃப்டுக்கு பூடுவாரு. நான் பேசுறேன். ஆனா நான் பேசுனேன்னு ஒரு ஈ காக்காக்கு தெரியக்கூடாது."

அவர் கணவருக்கு அதே தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. கேட்டில் காட்டும் பாஸைக் கான்ட்ராக்டர் எந்த நாளும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஊரில் இன்னும் பல ஆண்களுக்கு அங்கேதான் வேலை. அதனால்தான் ஊர் பேசாமல் இருக்கிறது. பெயர் வரக்கூடாது, ஊர் வரக்கூடாது, குரல் வரக்கூடாது என்று அக்கா சொன்னார். அவர் சொன்னதை என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பேச வைத்துப் பதிவு செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீங்களும் சம்மதித்தீர்கள். பெயரையும் இடத்தையும் குரலையும் எடுத்துவிட்டால் பேசியவருக்கு ஆபத்தில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள்.

ஒரே அறை உள்ள வீடு. ஃபேன் சத்தம் பதிவில் விழும் என்றதும் அவரே எழுந்து நிறுத்தினார். இரண்டு பேரும் வேர்வையில் நனைந்தோம். வெளியே லாரி போகும்போதெல்லாம் விரலைத் தூக்கி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பேசினார். பத்தே நிமிடத்தில் என் வகுப்பில் பலருக்கு இன்னும் வராத பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

அவர் சொன்னது இதுதான்.

"அமாவாசைக்கு மூணா நாளு. அன்னிக்கு எங்க பாடு. முகத்துவாரத்துலேர்ந்து ரெண்டாவது கம்பு எங்களுது. விடியசொல்ல வலைய தூக்குனா இறாலு எல்லாம் செவந்து கெடக்குது. உசுரோட கீற இறாலு செவக்காது பாப்பா. வெந்தாதான் செவக்கும்."

தண்ணீரில் கையை விட முடியவில்லை என்றார். அன்று எடுத்த இறாலை விற்க மனம் வராமல் கரையில் கொட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். காக்காய்கூட அதைத் தொடவில்லை.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். மூன்று வாரம் தேடியது கிடைத்துவிட்டது. ஆட்டோவில் வரும்போது ஹெட்போனில் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். மறுநாளே மாதவரத்திலிருந்து வரும் தோழியை உட்கார வைத்து, அக்கா சொன்னதைச் சொன்னபடியே பேச வைத்துப் பதிவு செய்தேன்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தார். குரலே மாறியிருந்தது.

"பாப்பா, நான் பாடு பத்தி சொன்னேன் பாரு, அத எடுத்துடு. பேர மறச்சி இன்னா ப்ரோஜனம்? எந்த பாடு, எந்த கம்புன்னு சொன்னா அதுவே எங்க பேருதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். ஆற்றில் கம்பு நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். கட்ட வேண்டிய குடும்பங்கள் அதிகம். அதனால் முறை வைத்துக்கொள்கிறார்கள். இந்த நாள் இந்த ஊருக்கு, அந்த ஊரில் இந்தக் குடும்பத்துக்கு இந்த இடம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். யாரும் எழுதி வைப்பதில்லை. எல்லோருக்கும் மனதில் இருக்கும். அமாவாசைக்கு மூன்றாம் நாள் இரண்டாவது கம்பு யாருடையது என்று ஆற்றில் இறங்குகிற எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

அக்கா அதைப் பேசும்போது அவருக்கே தோன்றவில்லை. நாம் விலாசம் சொல்கிற மாதிரி அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். சாலையில் வந்து சாலையில் போகிற எனக்கு அது அழகான ஒரு விவரம், அவ்வளவுதான்.

அன்றைக்கே வானொலி அறைக்குப் போய் அந்த வரியை வெட்டினேன். வெந்த இறாலில் தொடங்கினேன். உங்களுக்குச் செய்தியும் அனுப்பினேன். "சார், பாடு, கம்பு பற்றிய வரியை எடுத்துவிட்டேன். அது ஒலித்தால் பேசியது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அவரே எடுக்கச் சொன்னார்." நீங்கள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினீர்கள். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

என் தப்பும் உண்டு. வெட்டிய துண்டை அழிக்கவில்லை. எல்லாப் பதிவும் வானொலிக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும் என்பது விதி என்று அப்படியே விட்டுவிட்டேன். இன்னொன்று, அதைவிடப் பெரியது. ஒலிபரப்பாகும் நாளையும் நேரத்தையும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். போனில் எப்படிக் கேட்பது என்றுகூடக் காட்டிக் கொடுத்தேன். அவர் தன் பேச்சு என்று சொல்லாமல், நம்ம ஆற்றைப் பற்றி ரேடியோவில் வருகிறதாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார். பக்கத்து வீடு தெருவுக்குச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. சத்தம் இன்னும் பலமாகக் கேட்கட்டும் என்று போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்திருந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். இசை வந்தது. அடங்கியது. என் தோழியின் குரல் வந்தது.

"அமாவாசைக்கு மூணா நாளு. அன்னிக்கு எங்க பாடு."

அம்மா தலையைத் தூக்காமலே, நல்லா கீதுடி என்றார். நான் டம்ளரிலிருந்து போனை வெளியே எடுத்தேன்.

அதே நேரம் எண்ணூரில், வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு போனைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் இருந்தார். ரெண்டாவது கம்பு என்று வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தன்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று அக்கா பிறகு போனில் என்னிடம் சொன்னார். மீதி நிகழ்ச்சியை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் டீ சொல்லி அனுப்பினீர்கள். பெயர் சொன்னோமா, ஊர் சொன்னோமா, குரல்கூட அவருடையது இல்லையே என்று என்னையே கேட்டீர்கள். என் செய்தியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பார்த்தேன்மா. நீ கொஞ்சம் அதிகமா பயப்படுறேன்னு நினைச்சேன். முதல் பத்து நொடியில கேக்குறவனைப் பிடிக்கணும். அந்த வார்த்தைகள் எங்க கிடைக்கும், சொல்லு? அதை வெட்டினது நீ செஞ்ச ஒரே தப்பு. நான் சரி பண்ணேன்."

அப்படியே சொன்னீர்கள். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண் என்றும் சொன்னீர்கள்.

செவ்வாய்க்கிழமை கேட்டில் அக்காவின் கணவரிடம் பாஸை வாங்கிக்கொண்டு, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றார் கான்ட்ராக்டர். இதுவரை சொல்லி அனுப்பவில்லை. அந்த வாரமே ஊர்க் கூட்டம் போட்டார்கள். தலைவரின் மகனுக்கு நிரந்தர வேலையும் தன் கணவருக்குக் கான்ட்ராக்ட் வேலையும் கிடைத்த பொறாமையில்தான் அக்கா வேண்டுமென்றே எந்தப் பாடு, எந்தக் கம்பு என்று சொல்லிப் பேசினார், ஊர்ப் பிள்ளைகளின் வேலைக்கு உலை வைத்தார் என்று முடிவு செய்தார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று அக்கா கத்தியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. அந்தக் குடும்பத்தின் பாடு முறையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். முறை வரும் நாளில் அவர்கள் கம்பில் வேறு குடும்பம் வலை கட்டுகிறது.

கேள்விப்பட்டதும் ஓடினேன். அக்காவின் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தலைவரிடம் போனேன். உங்களுக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மோசமான ஆள் என்று நினைத்துத்தான் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"இத நீ நேத்து ராத்திரி எழுதிகினு வந்தியோ இன்னாவோ, எனுக்கு எப்டி தெரியும்? ஊருக்கு எப்டி தெரியும்? ஊரே ரேடியோவுலதான் கேட்டுச்சி. அந்த அம்மா எடுக்க சொன்னது நெசம்னா, அதையும் ரேடியோவுல சொல்ல சொல்லு. அத ஊரு கேக்கட்டும். அப்பால கூட்டம் போடுறேன்."

அதிலும் நியாயம் இருந்தது. உங்களிடம் வந்தேன். ஒரு நிமிடம் போதும் சார், பேசியவர் அந்த வரியை எடுக்கச் சொன்னார், மாணவி எடுத்தாள், நாங்கள் திரும்பச் சேர்த்தோம், இதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். இதைப் பற்றி மறுபடி பேசினால்தான் அந்த அம்மாவுக்கு ஆபத்து, தகவல் தந்தவரைக் காப்பது நம் கடமை, அதனால் மௌனமாக இருப்பதே தர்மம் என்றீர்கள். ஒரு தரம் மன்னிப்பு கேட்டால் வானொலி நாளைக்கு எல்லோருக்கும் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். யாரிடமிருந்து அவரைக் காக்கிறீர்கள்? தெரிய வேண்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் மிச்சம் இருப்பது நீங்கள் செய்தது மட்டும்தான். மூன்றாவது தடவை வந்தபோது அறை பூட்டியிருந்தது. போன் எடுப்பதில்லை. துறைத் தலைவருக்கு எழுதினேன். நிகழ்ச்சி விஷயம் உங்கள் பொறுப்பு என்று அதை உங்களுக்கே அனுப்பிவிட்டார்.

தொழிற்சாலையை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் தண்ணீரை எடுத்துச் சோதிக்கவில்லை. என் நிகழ்ச்சியால் அந்த ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குளிரவில்லை.

போன மாதம் ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில் அக்காவைப் பார்த்தேன். வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிற பெண்களின் வரிசையில், கடைசியாக, வெயிலில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்தவர்களுக்கு நிழலில் இடம் கிடையாது. அரிவாள்மணை இரவல் வாங்கியது. சொந்தமாக இறால் விற்றவர் இன்னொருவர் வாங்கிய மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். அவர் கணவர் இப்போது வீட்டில் பேசுவதில்லையாம். என்ன கேட்டாலும், போய் ரேடியோவில் சொல் என்கிறாராம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் செதில் உரசுவதை நிறுத்தவில்லை.

"உன் மேல கோவம் இல்ல பாப்பா," என்றார் கடைசியில். "ஆனா உன்ன பாக்க புடிக்கல. நீ வந்தா அந்த கொட்டாயில அத்தினி பேரும் என்ன திரும்பி பாத்தாங்களே, அது ஞாபகம் வருது. எழுந்து போ."

எழுந்து வந்துவிட்டேன்.

படிப்பு முடியப் போகிறது. ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் வாசலில் போய் நின்று, என்னை நம்பிப் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் பிரச்சினை, அதை உங்களிடம் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அந்த ஊரில் பாடு பிரிக்கும் கூட்டம் மழைக்கு முன்னால் நடக்கும். அதற்குள் அந்தப் பெண் சொன்னது உண்மை என்று ஊர் கேட்க வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர் சொன்னதை நம்பவில்லை. ஊருக்கு உங்கள் வானொலி சொன்னால்தான் செல்லும். அவர் எடுக்கச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்த பிறகும் அந்த வரியைச் சேர்த்தீர்களா, இல்லையா? உங்கள் அறையில் டீ கொடுத்து எனக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு, அதே வானொலியில், உங்கள் சொந்தக் குரலில், உங்கள் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.